வெள்ளிக்கிழமை வரும் கடிதம்: கலிபோர்னியா தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

கலிபோர்னியாவில் பிள்ளைகளைப் பொதுப் பள்ளிக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளைச் சேர்த்து நடத்தும் நிர்வாகத்தை இங்கே பள்ளி மாவட்டம் என்கிறோம். நம்முடைய மாவட்டங்கள் பலவற்றில், தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டன்ட் வாரம் ஒருமுறை பெற்றோருக்கு மின்னஞ்சலில் கடிதம் அனுப்புகிறார். பெரும்பாலும் அது வெள்ளிக்கிழமை மாலை வரும். மேலே மாணவர்களின் படங்கள் இருக்கும், பரிசு வாங்கிய இசைக்குழுவுக்கு வாழ்த்து இருக்கும். நன்றாகக் கீழே போனால், "அடுத்த போர்டு கூட்டத்தில் இது விவாதிக்கப்படும்" என்று, மாவட்டத்தின் நிர்வாகக் குழுக் கூட்டத்தைப் பற்றி ஒரு வரி இருக்கும். அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் வரும் செய்தியை அடுத்த நிமிடமே பார்த்துவிடும் நாம், இந்தக் கடிதத்தை மட்டும் திறக்காமலே விட்டுவிடுகிறோம்.

காரணம் எனக்குப் புரிகிறது. நாம் படித்த காலத்தில் பாடத்திட்டம், ஆசிரியர் நியமனம், தேர்வுத் தேதி எல்லாம் சென்னையில் முடிவாகும். தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டால் "மேலிடத்து உத்தரவு" என்பார், நாமும் திரும்பி வந்துவிடுவோம். இங்கே நிலைமை வேறு. இந்த மாநிலத்தில் 900-க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. அநேகமாக எல்லாவற்றிலும் ஊர் மக்கள் தேர்ந்தெடுத்த ஐந்து அல்லது ஏழு பேர் போர்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். சூப்பரின்டென்டன்டை வேலைக்கு எடுப்பது அவர்கள்தான். பட்ஜெட், எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்ற எல்லைக்கோடு, பள்ளியை மூடுவது என எல்லாவற்றுக்கும் அவர்களுடைய வாக்குதான் கடைசி. மேலிடம் என்பது நம் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் போய்விடக்கூடிய ஒரு கட்டடம்.

குப்பர்டினோ பகுதியில் இருப்பவர்களுக்கு இது நினைவிருக்கும். இந்தியக் குடும்பங்கள் தேடிப்போய் வீடு வாங்கிய அந்த மாவட்டத்திலேயே மாணவர் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, 2022-ல் தொடக்கப் பள்ளிகள் மூடப்பட்டன. வீட்டு விலையும் வாடகையும் இளம் குடும்பங்களை வெளியே தள்ளினால் பள்ளியில் பிள்ளைகள் எங்கிருந்து வருவார்கள்? இந்த மாதிரி முடிவுகள் ஒரே இரவில் வருவதில்லை. முதலில் "மாணவர் எண்ணிக்கை ஆய்வு" என்று ஒரு வரி, அப்புறம் "சமூக ஆலோசனைக் குழு" என்று ஒரு வரி, அப்புறம் கூட்டத் தேதி. எல்லாம் முடிந்து பள்ளியின் பெயர் செய்தியில் வரும்போதுதான் நம் வாட்ஸ்ஆப் குழுக்களில் கொதிப்பு எழுகிறது. அதற்குள் பேச வேண்டிய காலம் போய்விடுகிறது.

பணம் எப்படி வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் நம் குடும்பங்களுக்கு நேரடிப் பங்கு இருக்கிறது. கலிபோர்னியா அரசு பள்ளிகளுக்குப் பணம் தருவது சேர்ந்த மாணவர் எண்ணிக்கையை வைத்து அல்ல, தினசரி வருகையின் சராசரியை வைத்து. பிள்ளை வராத ஒவ்வொரு நாளும் மாவட்டத்தின் கணக்கில் குறைகிறது. நாம் டிசம்பர் விடுமுறையோடு இன்னும் மூன்று வாரம் சேர்த்து மதுரைக்கும் கோவைக்கும் போய் வருகிறோம். தாத்தா பாட்டியைப் பார்க்கப் போகக்கூடாது என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் கிளம்புவதற்கு முன் பள்ளி அலுவலகத்தில் "இன்டிபென்டன்ட் ஸ்டடி" ஒப்பந்தம் கேளுங்கள். ஆசிரியர் தரும் பாடத்தைப் பிள்ளை ஊரில் இருந்தபடி முடித்துத் திரும்பக் கொடுத்தால், விதிகளுக்கு உட்பட்டு அந்த நாட்களுக்கான பணம் பள்ளிக்குக் கிடைக்கும். டிக்கெட்டை ஆறு மாதம் முன்பே எடுக்கும் நாம், இந்தப் படிவத்தை இரண்டு வாரம் முன்பு கேட்க முடியாதா? சொத்து வரியிலேயே செலவைச் சமாளிக்கும் சில வசதியான மாவட்டங்களுக்கு வருகைக் கணக்கு அவ்வளவு முக்கியமில்லை. மற்ற எல்லா மாவட்டங்களுக்கும் அது ஆசிரியர் சம்பளம்.

"எங்களுக்கு ஓட்டே இல்லையே, எச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம், நாங்கள் போய் என்ன பேசுவது?" என்று பலர் கேட்கிறார்கள். பேசலாம். 1953-ல் வந்த பிரௌன் சட்டம் போர்டுக் கூட்டங்களைப் பொதுமக்கள் எல்லோருக்கும் திறந்துவைத்திருக்கிறது. வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியிட வேண்டும். பொதுமக்கள் கருத்துச் சொல்ல நேரம் ஒதுக்க வேண்டும். குடியுரிமை கேட்பதில்லை. பெயரைப் பதிவு செய்தால்தான் உள்ளே விடுவோம் என்று சொல்லவும் முடியாது. பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான், எழுதி வைத்துக்கொண்டு படிக்கலாம். உச்சரிப்பைப் பற்றிய கூச்சம் வேண்டாம். அங்கே பேசும் பலர் நம்மைப் போல வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள்தான்.

கணக்குப் பாடம் என்றால் நாம் வருகிறோம், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா வேண்டுமா என்ற வாதம் சான் பிரான்சிஸ்கோவில் பத்தாண்டுகள் ஓடியது. மாநிலக் கல்வி வாரியம் 2023 ஜூலையில் புதிய கணித வழிகாட்டியை ஏற்றது. அந்த நாட்களில் நம் பெற்றோர் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார்கள், நன்றாகவே பேசினார்கள். ஆனால் கணக்கு முடிந்து, ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கான உதவி ஆசிரியர்களைப் பற்றிய பொருள் எடுக்கப்பட்டபோது நம்மவர்கள் எழுந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு மனது கஷ்டமாக இருந்தது. நாம் வந்தால் பலன் இருக்கிறது என்று தெரிந்தும், நம் பிள்ளைக்கு நேரடியாக வேண்டியதற்கு மட்டும்தான் வருகிறோம் என்ற பெயர் நமக்கு வரக்கூடாது.

அந்த உதவி நம் பிள்ளைகளுக்கு வேண்டாதது என்று நினைப்பதும் சரியில்லை. பள்ளியில் சேர்க்கும்போது வீட்டு மொழிப் படிவம் ஒன்று தருகிறார்கள். தமிழ் என்று எழுதினால் ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள், பிள்ளைக்கு ஒரு முத்திரை விழுந்துவிடும் என்ற பயத்தில் "ஆங்கிலம்" என்று எழுதச் சொல்லி ஒருவருக்கொருவர் அறிவுரை சொல்கிறோம். தயவுசெய்து உண்மையை எழுதுங்கள். ஆங்கிலம் நன்றாக வருகிற பிள்ளை முதல் தேர்விலேயே வெளியே வந்துவிடும். வராத பிள்ளைக்கு உதவி கிடைக்கும். 2013-லிருந்து இருக்கும் நிதி முறைப்படி, ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், வளர்ப்பு இல்லங்களில் உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்து அரசு கூடுதல் பணம் தருகிறது. ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் 21 பேரோ அதற்கு மேலோ இருந்தால், அங்கே அவர்களுக்கான பெற்றோர் ஆலோசனைக் குழு ஒன்று அமைத்தே ஆக வேண்டும். அந்தக் குழுவில் உட்கார நம் தாய்மார் ஏன் முன்வரக் கூடாது?

மொழிபெயர்ப்பைப் பற்றியும் கேட்கிறீர்கள். ஒரு பள்ளியில் 15 சதவீதம் பிள்ளைகளின் வீட்டு மொழி ஒன்றாக இருந்தால் அறிவிப்புகளை அந்த மொழியிலும் அனுப்ப வேண்டும் என்பது மாநிலச் சட்டம். தமிழ் அந்த அளவை எட்டுவது அரிது. ஆனாலும் ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோருக்கு முக்கியமான செய்திகளைப் புரியும் மொழியில் சொல்ல வேண்டிய கடமை, 1964 குடிமை உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்டத்துக்கு இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். கேட்பது உரிமை, சலுகை இல்லை.

2025 ஜனவரியில், குடியேற்றச் சோதனைகளிலிருந்து பள்ளிகளை விலக்கி வைத்திருந்த மத்திய அரசின் பழைய வழிகாட்டுதல் நீக்கப்பட்டபோது, பல சூப்பரின்டென்டன்ட்கள் தங்கள் கடிதத்தில் பெற்றோருக்கு உறுதிமொழி எழுதினார்கள். யார் வளாகத்துக்குள் வரலாம், என்ன ஆவணம் வேண்டும் என்று எழுதினார்கள். நம்மில் எத்தனை பேர் படித்தோம்? வேலை போய் விசா தொங்கலில் இருந்த குடும்பங்கள் நம் நடுவிலேயே இருந்தன. பயத்தோடு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்த அவர்களுக்கு அந்தப் பதில் இன்பாக்ஸிலேயே கிடந்தது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஒவ்வொரு பள்ளிக்கும் இரண்டு தமிழ்க் குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டு கடிதத்தைப் படித்து, நான்கு வரியில் தமிழில் வாட்ஸ்ஆப் குழுவில் போடட்டும். போர்டுக் கூட்டத் தேதியும் நிகழ்ச்சி நிரலில் உள்ள பொருள் எண்ணும் அதில் கட்டாயம் இருக்கட்டும். அடுத்த ஆண்டுச் செலவுத் திட்டத்தை ஜூலை 1-க்கு முன் மாவட்டம் நிறைவேற்ற வேண்டும். முதலில் ஒரு கூட்டத்தில் மக்கள் கருத்தைக் கேட்டுவிட்டு, வேறொரு நாள் கூடித்தான் வாக்கெடுக்க முடியும். அதனால் முதல் கூட்டத்தில் நாம் சொல்வதற்கு இடம் இருக்கிறது. மே மாதக் கடிதங்களில் அந்தத் தேதி வரும். என் பள்ளிக்கு நான் பெயர் கொடுத்துவிட்டேன். உங்கள் பள்ளிக்கு யார் என்று இந்த வாரமே பேசி முடிவு செய்யுங்கள்.

அன்புடன்,
சான்டா கிளாரா கவுண்டியிலிருந்து ஒரு தாய்