சும்மா கிடக்கும் இடது கை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆடி மாதம் எங்கள் தொழிலில் மூச்சு விடும் மாதம். முகூர்த்தம் இல்லை, ஆல்பம் கேட்டு யாரும் வாசலில் நிற்பதில்லை. புதுப் பிள்ளைகள் வேலை பழக வருவதும் இப்போதுதான். இந்த வருடம் இரண்டு பெண்கள் வந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் மூன்று மாதம் போட்டோஷாப் படித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள். முதல் நாள் ஒரு மணப்பெண் முகத்தைக் கொடுத்து, பருவை எடுத்துக் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றச் சொன்னேன். படித்ததைச் சரியாகத்தான் செய்தார்கள். ஆனால் வலது கை மவுஸோடு திரை முழுக்க அலைந்துகொண்டிருந்தது, இடது கை மடியில் கிடந்தது. நானும் ஏழு வருடம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அதனால்தான், மெனுவைத் தேடி அலையாமல் கீபோர்டிலேயே வேலையை முடிக்கும் ஷார்ட்கட்டுகளைப் பற்றி இந்தக் கடிதம்.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைனர். திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் ஆவணியிலும் தையிலும் எத்தனை கல்யாணம் நடக்கும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஒரே முகூர்த்தத்தில் மூன்று கல்யாணத்துக்கு எங்கள் ஆட்கள் கேமராவோடு போவார்கள். ஒரு கல்யாணத்துக்கு இரண்டாயிரம் படம் வரும். வீட்டார் அதிலிருந்து முந்நூறு, நானூறு தேர்ந்தெடுத்துத் தருவார்கள். பன்னிரண்டுக்கு முப்பத்தாறு அங்குல ஷீட்டில் அவை ஒவ்வொன்றும் என் கையால்தான் அடுக்கப்படும். முகம் துடைப்பது, கலர் சரி செய்வது, பின்னால் நிற்கும் பிளாஸ்டிக் நாற்காலியை மறைப்பது எல்லாம் அதில் அடக்கம்.

நான் படித்தது 7.0 பதிப்பில். பயிற்சி மையத்தில் நோட்டுப் போட்டு எழுதச் சொன்னார்கள்: இமேஜ், அதற்குள் அட்ஜஸ்ட்மென்ட்ஸ், அதற்குள் வெளிச்சத்தையும் கலரையும் ஏற்றி இறக்கும் கர்வ்ஸ். தேர்விலும் அதுதான் கேள்வி. கர்வ்ஸுக்கு கண்ட்ரோல் எம், அதாவது கண்ட்ரோல் கீயோடு எம், என்று அதே மெனுவில், அதே வரியின் வலது ஓரத்தில் எழுதியிருக்கும். அந்த ஓரத்தைப் பாருங்கள் என்று மூன்று மாதத்தில் ஒருவரும் சொல்லவில்லை. நானும் பார்க்கவில்லை.

பார்க்க வைத்தது தானே புயல். 2011 டிசம்பர் 30 காலையில் அது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை நாடே பார்த்தது. எங்களுக்குக் கம்பமெல்லாம் விழுந்து கரண்ட் போனது. தை முகூர்த்தத்துக்குள் கொடுத்தாக வேண்டிய ஆல்பங்கள் பாதியில் நின்றன. முதலாளி ஒரு ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்தார். டீசலுக்கு அலைச்சல் என்பதால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் ஓடும். புதுச்சேரியில் ஒரு போட்டோ லேபில் வேலை பார்த்த டிசைனர் அண்ணன் ஒருவர், அங்கேயும் இதே நிலைமை என்பதால் எங்களிடம் இருந்த இரண்டாவது கணினியில் தன் வேலையை முடிக்க வந்தார்.

மூன்று மணி நேரத்தில் நான் நாலு ஷீட் முடிப்பேன். அவர் பதினொன்று முடித்தார். அவசரமாகச் செய்த மாதிரியே தெரியவில்லை. அவர் திரையில் மெனு திறக்கவே இல்லை என்பதைத்தான் நான் முதலில் கவனித்தேன். வலது கை மவுஸ் முகத்தை விட்டு நகராது. இடது கை மட்டும் கீபோர்டில் லேசாக அசையும், பிரஷ் பெரிதாகும், சிறிதாகும், படம் நகரும், கலர் மாறும். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அந்தக் கையை என்னத்துக்குச் சும்மா வச்சிருக்க?" என்றார்.

அவர் ஒரே நாளில் எல்லாம் சொல்லித்தரவில்லை. முதல் நாள் மூன்றே மூன்று: சதுர அடைப்புக்குறி கீ இரண்டும் பிரஷ்ஷைச் சிறிதாக்கும், பெரிதாக்கும், ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தால் படத்தைக் கையால் பிடித்து நகர்த்தலாம், கண்ட்ரோல் சைபர் அழுத்தினால் முழுப் படமும் திரைக்குள் வந்துவிடும். இந்த மூன்றும் விரலில் ஏறிய பிறகுதான் அடுத்தது. அப்புறம் பருவைத் துடைக்கும் ஹீலிங் பிரஷ்ஷுக்கு ஜே, நல்ல இடத்தை எடுத்துக் கெட்ட இடத்தில் பூசும் குளோன் ஸ்டாம்ப்புக்கு எஸ், இடம் மாற்றும் மூவ் டூலுக்கு வி. படத்தின் அடுக்கான லேயரை நகல் எடுக்க கண்ட்ரோல் ஜே, வெளிச்சத்தைச் சரி செய்யும் லெவல்ஸுக்கு கண்ட்ரோல் எல். எண் கீயில் 5 தட்டினால் பிரஷ்ஷின் அடர்த்தி ஐம்பது சதவீதம், 2 தட்டினால் இருபது. மணப்பெண் கன்னத்தில் மெழுகு பூசிய மாதிரி இல்லாமல் மெதுவாகத் துடைக்க இந்த எண் கீதான் கைகொடுக்கும். இன்று வரை நான் அதிகம் தட்டுவதும் அதைத்தான்.

தமிழில் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. பி என்று சொன்னால் பிரஷ்ஷின் B-யா, பென் டூலின் P-யா என்று காதுக்குத் தெரியாது. டி என்றாலும் T-யா, D-யா என்று தெரியாது. அதனால் நான் 'பிரஷ் பி', 'பென் பி', 'டைப் டி' என்றே சொல்கிறேன். நோட்டில் எழுத வேண்டாம், விரலுக்குச் சொல் என்பேன்.

வேகம் ஒரு லாபம்தான். ஆனால் எனக்குப் பெரிய லாபம் என் மணிக்கட்டு. 2014 வாக்கில் வலது மணிக்கட்டில் வலி வந்து, இரவில் கட்டைவிரல் மரத்துப்போகும். டாக்டர் மவுஸைக் குறைக்கச் சொன்னார். மவுஸைக் குறைத்தால் எனக்குச் சோறு ஏது? மீதமிருந்த மெனு வேலைகளையும் அப்போதுதான் இடது கைக்கு மாற்றினேன். வலி முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதற்குப் பிறகு அதற்காக ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. இந்த ஊரில் என் வயதுள்ள டிசைனர்கள் எத்தனை பேர் மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு நடை போய்ப் பாருங்கள்.

2015 கடைசியில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு ஜனங்கள் நனைந்த படங்களைப் பாலிதீன் பையில் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு அம்மா கொண்டுவந்தது அவருடைய வீட்டுக்காரரின் ஒரே படம். இறந்துபோய் இருபது வருடம் ஆகியிருந்தது. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, நெற்றிக்கு மேல் பாதி உரிந்துபோயிருந்தது. ஸ்கேன் செய்து குளோன் ஸ்டாம்ப்பில் உட்கார்ந்தேன். ஆல்ட்டை அழுத்தி நல்ல இடத்தில் ஒரு கிளிக், கெட்ட இடத்தில் ஒரு பூச்சு, திரும்ப ஆல்ட். ஒரு படத்துக்கு இது ஆயிரம் தடவை நடக்கும். ஒவ்வொரு தடவையும் பிரஷ் அளவை மாற்ற மேலே போய் வந்திருந்தால் அந்தப் படத்தை நான் பாதியில் விட்டிருப்பேன். இடது கை பழகியிருந்ததால் கண் முகத்திலேயே இருந்தது. புருவம் எப்படி வளைந்திருக்கும், முடி எந்தப் பக்கம் வாரியிருப்பார் என்று யோசிக்க முடிந்தது. அன்று சாயங்காலம் அந்த அம்மா படத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "வகிடு சரியா இருக்கு" என்றார்.

புதியவர்கள் ஷார்ட்கட்டைக் கைவிடுவது பெரும்பாலும் சின்னக் காரணத்துக்குத்தான். கேப்ஸ் லாக் விழுந்திருந்தால் பிரஷ்ஷின் வட்டம் மறைந்து ஒரு சிறு குறி மட்டும் தெரியும், பிரஷ் கெட்டுவிட்டது என்று கணினியையே அணைத்துப் போடுவார்கள். தமிழ் விசைப்பலகையை மாற்றாமல் விட்டிருந்தால் ஒற்றை எழுத்துக் கீ எதுவும் வேலை செய்யாது. மூன்றாவது நானே பட்டது. பழைய போட்டோஷாப் பதிப்புகளில் யூனிகோடு தமிழ் உடைந்து வரும் என்பதால் ஆல்பத்தில் பெயர் எழுத, ஆங்கிலக் கீகளிலேயே தமிழ் எழுத்து வரும் பாமினி எழுத்துருவைத்தான் பயன்படுத்துவோம். ஒரு அட்டையில் மணப்பெண் பெயரைத் தட்டிவிட்டு, மூவ் டூலுக்குப் போக வி அழுத்தினேன். கர்சர் இன்னும் எழுத்துக்குள்ளேயே இருந்தது. பாமினியில் அந்தக் கீ 'எ'. பெயருக்குப் பின்னால் தனியாக ஒரு 'எ' நிற்க, அட்டை அப்படியே அச்சாகி வந்துவிட்டது. பெண்ணின் அப்பா ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் தாங்கவில்லை. அட்டையை என் செலவில் மறுபடி போட்டுக்கொடுத்தேன். எழுதி முடித்ததும் கண்ட்ரோல் எண்டர் தட்டினால் எழுத்திலிருந்து வெளியே வந்துவிடலாம். இதைப் பாடத்தில் ஒரு வரி சேர்த்திருந்தால் எத்தனை அட்டைகள் மிஞ்சியிருக்கும்!

பாஸ்போர்ட் படம் இன்னொரு கதை. பள்ளி திறக்கும் ஜூனில் ஒரு நாளைக்கு அறுபது பேர் வருவார்கள். மூன்றரைக்கு நாலரை சென்டிமீட்டராக வெட்டி, கோடு போட்டு, நாலுக்கு ஆறு அங்குலத் தாளில் எட்டுப் படம் அடுக்க வேண்டும். ஒரு தடவை செய்வதை, அப்படியே திரும்பச் செய்யும் ஆக்‌ஷனில் பதிவு செய்து எஃப் 2 கீயில் வைத்துவிட்டால், வெட்டுவது மட்டும் நம் வேலை, மற்றதை அது பார்த்துக்கொள்ளும். வரிசை நகரும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போவார்கள்.

இப்போது வந்திருக்கும் பெண்களில் ஒருத்திக்கு இடது கைப் பழக்கம். பயிற்சி மையத்தில் மவுஸை வலது கையில் பிடிக்க வைத்து அவளைச் சிரமப்படுத்தியிருக்கிறார்கள். நான் மவுஸை இடது பக்கம் மாற்றிக்கொடுத்தேன். கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றோடு கே அழுத்தினால் வரும் பட்டியலில், அவள் வலது கைக்கு எட்டும் கீகளாகப் பார்த்துச் சிலவற்றை மாற்றி அமைத்தோம். யாருடைய கைக்கும் வளைந்துகொடுக்கும் ஏற்பாடு மென்பொருளிலேயே இருக்கிறது, கற்பிக்கும் இடத்தில்தான் இல்லை.

எனவே எங்கள் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் போட்டோஷாப் சொல்லிக்கொடுக்கும் மையங்களிடம், அரசின் இலவசத் திறன் பயிற்சியானாலும் தனியார் மையமானாலும், நான் கேட்பது இது. முதல் வகுப்பிலேயே இடது கையைக் கீபோர்டில் வைக்கச் சொல்லுங்கள். தேர்வில் மெனு வழி கேட்காதீர்கள், பத்து நிமிடத்தில் ஒரு முகத்தைத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். பழைய பதிப்பில் கண்ட்ரோல் இசட் ஒரு படிதான் பின்னால் போகும். 2018 கடைசியில் வந்த பதிப்பிலிருந்து அழுத்த அழுத்தப் போய்க்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட மாற்றங்களைச் சொல்லிக்கொடுப்பவர்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பணம் கட்டி வாங்க முடியாத பிள்ளைகளுக்கு, பிரவுசரிலேயே திறக்கும் ஃபோட்டோபீ பெரும்பாலும் இதே கீகளில் ஓடுகிறது. இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் என்ற மென்பொருளில் கீகள் வேறு, வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வாரம் மூன்று ஷார்ட்கட் வீதம், தமிழில், ஒரு சிறு கட்டத்தில் போட்டால் பெரிய உதவி. மூன்றுக்கு மேல் வேண்டாம். விரலில் நிற்காது.

என்னிடம் இருக்கும் இருவருக்கும் இந்த வாரம் ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறேன். எஃப் கீயை இரண்டு தடவை தட்டினால் மெனு பட்டை மறைந்து படம் திரை முழுக்க விரியும், ஓரத்துப் பெட்டிகள் இன்னும் தெரிந்தால் டேப் தட்டி அவற்றையும் மறைக்கலாம். அப்படி மறைத்துவிட்டு ஒரு முகம் முடிக்க வேண்டும். திங்கட்கிழமை இருவரும் அழாத குறை. நேற்று இடது கைப் பெண் பதினான்கு நிமிடத்தில் முடித்தாள். "அக்கா, இன்னொரு படம் குடுங்க" என்று கேட்டிருக்கிறாள். ஆவணிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓர் ஆல்பம் டிசைனர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.