பேச்சை முடிக்க விடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் உள்ளூர் பொது வானொலியின் தீவிர நேயர் நான். புயலன்று மின்சாரமும் கைபேசியும் போன பிறகு, பேட்டரியில் ஓடிய டிரான்சிஸ்டர்தான் துணை. அறிவிப்பாளர் ஒவ்வொரு எச்சரிக்கையையும் நிதானமாக இரண்டு முறை வாசித்தார். அந்தக் குரலுக்கு நன்றி!

ஆனால், மாலையில் இப்போது வெளியூர் நிலையத்திலிருந்து வாங்கி அப்படியே ஒலிபரப்பும் நிகழ்ச்சிகளே அதிகம். உள்ளூர்ச் செய்தி சுருங்கிவிட்டது. போன வாரம் ஒரு விவசாயி, விதைக்கும் முன் விதையைப் பக்குவப்படுத்தும் விதைநேர்த்தி பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் ஊற வைப்பது என்று சொல்ல வரும்போது வெட்டிவிட்டு விளம்பரத்துக்குப் போய்விட்டார்கள். சரி, நேரம் போதவில்லை என்றால் முன்னால் போட்ட இசையைக் குறைத்திருக்கலாமே? அந்தப் பேட்டியை முழுசாக மறுஒலிபரப்பு செய்யுங்கள். நோட்டும் பேனாவுமாகக் காத்திருக்கிறேன்.

– ஒரு நேயர்