சாலையோரக் கற்களைப் படமெடுப்போர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

விடுமுறை நாளில் வண்டியை எடுத்துக்கொண்டு நடுகல், சுமைதாங்கி, பழைய மைல்கல் என்று தேடிப் போய்ப் படமெடுக்கும் வழக்கம் இப்போது பரவலாகிவிட்டது. தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களிலும் அப்படங்கள் வருகின்றன. பெரும்பாலானவற்றில் கல்லைச் சுற்றி நிற்கும் ஆறேழு பேர் பளிச்சென்று தெரிகிறார்கள். கல்லில் இருக்கும் எழுத்து தெரிவதில்லை. சாலையை அகலப்படுத்தும்போது இக்கற்களில் பல மண்ணுக்கடியில் போகின்றன. அதன்பின் மிஞ்சுவது படம் மட்டுமே என்பதால், படிக்கக்கூடிய படம் எடுப்பது பற்றி இதை எழுதுகிறோம்.

முதல் கோளாறு வெளிச்சத்தில். காலை வெயிலில் எடுத்தால் நன்றாக வரும் என்பது எல்லாக் கல்லுக்கும் பொருந்தாது. கிழக்கு பார்த்த கல்லில் காலை வெயில் நேருக்கு நேர் விழுவதால் எழுத்தின் பள்ளத்தில் நிழலே இருக்காது. அதே கல்லை ஏறத்தாழ 11 மணிக்கும் 11.40க்கும் இடையில் எடுத்துப் பாருங்கள். வெயில் மேலிருந்து கல்லின் முகத்தை உரசிக்கொண்டு இறங்கும். தேய்ந்த கீறலும் நிழலோடு எழுந்து நிற்கும். மேற்கு பார்த்த கல்லுக்கு ஒரு மணியை ஒட்டிய நேரம். (நம் ஊர்களில் உச்சிப்பொழுது சரியாக 12 மணிக்கு வருவதில்லை, பெரும்பாலும் கால் மணி நேரம் பிந்தியே வரும்.) தெற்கு பார்த்த கல்லுக்கு மார்கழி, தை மாதங்களில் விடிந்த ஒரு மணி நேரம் நல்லது. வடக்கு பார்த்த கல்தான் தொல்லை. ஐப்பசியிலிருந்து மாசி வரை அதன் முகத்தில் வெயிலே படாது. வைகாசி, ஆனியில் போக வேண்டும்.

அவ்வளவு காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒரு கண்ணாடி போதும். ஓரடிக்கு ஒன்றரை அடி அளவில் முகம் பார்க்கும் கண்ணாடியை நான்கைந்து மீட்டர் தள்ளி வெயிலில் பிடித்து, ஒளியைக் கல்லின் பக்கவாட்டில் உரசும்படி திருப்ப வேண்டும். கல் மரநிழலில் இருந்தால் இது மிக எளிது. வெட்டவெளி என்றால் குடையோ போர்வையோ பிடித்து நிழல் உண்டாக்க வேண்டும். மேலிருந்து வரும் ஒளி படுக்கைக் கோடுகளைக் காட்டி நிமிர்ந்த கோடுகளை மறைக்கும். பக்க ஒளி அதற்கு நேர்மாறு. ஆகவே மேல், இடம், வலம் என்று மூன்று திசை ஒளியிலும் தனித்தனிப் படம் வேண்டும். மூன்றுக்கும் கேமரா ஒரே இடத்தில் அசையாமல் இருந்தால்தான் பிறகு ஒப்பிட முடியும்.

செல்பேசியில் எடுப்பவர்கள் அகலக்கோண லென்ஸைத் தவிர்க்கவும். கல்லின் ஓரங்கள் வளைந்து, அளவு பொய்யாகும். இரண்டு மூன்று மீட்டர் விலகி, கல்லின் நடு உயரத்துக்குக் குனிந்து, திரை கல்லுக்கு இணையாக இருக்கும்படி பிடிக்க வேண்டும். எச்டிஆரை (வெளிச்சத்தையும் நிழலையும் சமன்செய்யும் கேமரா வசதி) அணைத்துவிடுங்கள். நமக்குத் தேவையான நிழலைத்தான் அது அக்கறையாக அழித்துக் கொடுக்கும். அளவுக்குப் பேனாவையோ சாவிக்கொத்தையோ வைக்காமல் பத்து சென்டிமீட்டர் அளவுகோலைக் கல்லின் முகத்தோடு ஒட்டி வைக்கவும். பின்புறத்தையும் பக்கங்களையும் எடுக்காமல் திரும்புவது பலர் செய்யும் பிழை. சில கற்களில் எழுத்து அங்கேயும் தொடரும்.

சாக்பீஸ், கோலமாவு, திருநீறு தடவுவது கூடவே கூடாது. மாவு எழுத்துக்குள் மட்டுமா நிற்கும்? கல்லின் வெடிப்பிலும் உளிபட்ட வடுவிலும் நின்று இல்லாத கோட்டை உண்டாக்கும். சாக்பீஸால் வரைபவர் தாம் என்ன படித்தாரோ அதையே வரைகிறார். தமிழின் பழைய எழுத்து வகையான வட்டெழுத்தில், அதன் பிற்கால வடிவில், ப, வ போன்றவை ஏறத்தாழ ஒரே வடிவாகிவிடுவதால், ஒருவர் தவறாக வரைந்ததை அடுத்து வரும் பத்துப் பேரும் படமெடுத்துப் போவார்கள். தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கம் வேடியப்பன் சாமியாக வழிபடப்படும் நடுகற்களில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும். அதைச் சுரண்ட வேண்டாம். பூசாரியிடம் கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, இருக்கிறபடியே எடுங்கள். அடிவரி மண்ணுக்குள் இருந்தால் புல்லை விலக்கலாம், தோண்டக் கூடாது. அடி தளர்ந்த கல் அடுத்த மழையிலேயே சாய்ந்துவிடும்.

மைல்கற்களில் வேறு சிக்கல். பிரிட்டிஷ் காலக் கற்கள் சிலவற்றில் ரோமன் எண்ணோடு தமிழ் எண்ணும் உண்டு. ௧, ௨, ௫, ௭, ௮ என்பவை க, உ, ரு, எ, அ போலவே தோன்றும்; பழைய முறையில் சுழியமும் கிடையாது. 25 என்பது ௨௰௫. இதை 'உயரு' என்று படித்துப் பொருள் தேடுபவர்கள் உண்டு. தருமபுரி வட்டாரத்து அதியமான் பெருவழி என்ற பழைய நெடுஞ்சாலையின் கல்லில் நாவற்தாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் (பழைய தூர அளவு) என்று எழுதியதோடு, எழுத்தறியாதவருக்காக இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் செதுக்கியிருக்கிறார்கள். குழியைச் சிதைவு என்று நினைத்துப் படத்திலிருந்து வெட்டிவிட்டால் கல்லின் பாதிச் செய்தி போய்விடும். ஆண்டுக்கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்: சக ஆண்டோடு 78, கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு வரும்.

இடக்குறிப்பு இல்லாத படம் அநாதை. ஜிபிஎஸ் போட்டவுடன் காட்டும் புள்ளி பல மீட்டர் தள்ளியிருக்கும். ஒரு நிமிடம் பொறுத்துக் குறிக்கவும். ஊர், வட்டம், பக்கத்துக் கிலோமீட்டர் கல்லின் எண், சாலையின் எந்தப் பக்கம், கல் பார்க்கும் திசை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அதையும் படமெடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நுணுக்கமும் இடத்தகவலும் போய்விடும். ஆவணமாக அனுப்ப வேண்டும். ஒரு பிரதி கிராம நிர்வாக அலுவலருக்கும் மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கும் போகட்டும். நான்குவழிச் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தாமல் அணுகுசாலையில் விட்டுவிட்டு நடந்து போவது நல்லது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய செய்தி வரும்போது ஆட்கள் இல்லாத கல்லின் படம் ஒன்றையும் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். படத்தின் கீழே ஊர், வட்டம், கல்லின் உயரம், அகலம் சேர்ந்தால் போதும். இருவர் சேர்ந்து தூக்கிவிடக்கூடிய சிறிய கல்லாக இருந்தால் ஊர்ப்பெயரோடு நிறுத்திவிடுங்கள். துல்லியமான இடத்தை அச்சிட வேண்டாம்.

இப்படிக்கு,
சாலையோரக் கற்களைப் பதிவு செய்துவரும் வாசகர்கள்