கூட்டுகிற மெஷின் வாங்கலாமா என்று கேட்ட மகளுக்கு

சுங்கை சிப்புட், மலேசியா
ஞாயிறு மதியம்

அன்புக் கண்ணு,

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "ரோபோ வேக்குவம் ஒன்று வாங்கலாமாம்மா, இல்லை காசுக்குப் பிடித்த கேடா?" என்றாய். நான் "பார்க்கலாம்மா" என்று இழுப்பதற்குள் உன் பஸ் வந்துவிட்டது. வீட்டைக் கூட்டுவதற்குக்கூட மெஷின் வாங்கினால் அம்மா என்ன நினைப்பாளோ என்ற கூச்சம் உன் குரலில் இருந்ததே, அது எனக்குக் கேட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வாங்கிக்கொள். உன் வீட்டுக்கு அது தகும். ஆனால் எதை வாங்குவது, அதனிடம் எதை எதிர்பார்க்கக் கூடாது என்று நான் நேரில் பார்த்தது கொஞ்சம் இருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

சின்னம்மாவுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆனபோது ஈப்போவில் பன்னிரண்டு நாள் தங்கினேன் அல்லவா, அவள் வீட்டில் அந்த மெஷின் இருக்கிறது. முதல் நாள் அது கிளம்பியபோது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். இரண்டாம் நாள் அது போன இடத்தில் எல்லாம் வெறுங்காலோடு நடந்து பார்த்தேன். தரை சுத்தமா இல்லையா என்பதைக் கண்ணைவிட உள்ளங்கால் சரியாகச் சொல்லும். கூடம் நன்றாக இருந்தது. கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் தடவினேன், அங்கேயும் தூசி இல்லை. சுவர் மூலைகளில் மட்டும் மணல் நெருடியது. மெஷின் வட்டம், மூலை சதுரம். பக்கத்தில் சுற்றுகிற சின்னப் பிரஷ் எட்டும் அளவுக்குத்தான் எட்டும். வாரத்துக்கு ஒரு தடவை மூலைகளை நீ கையால் கூட்டத்தான் வேண்டும்.

அதன் தலையில் ஒரு சின்னக் குமிழ் சுற்றிக்கொண்டே இருந்தது. அதிலிருந்து போகிற லேசர் சுவரில் பட்டுத் திரும்பி வருவதை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டு, வீட்டையே வரைபடமாகப் போட்டுக்கொள்கிறதாம். அதற்கு லைடார் என்று பெயர். வாங்கும்போது இது இருக்கிறதா என்றுதான் நீ முதலில் கேட்க வேண்டும். ஐரோப்பாவில் எலக்ட்ரோலக்ஸ் கம்பெனி 2001-ல் டிரைலோபைட் என்று ஒன்றை விற்றது, மறு வருடம் அமெரிக்காவில் ரூம்பா வந்தது. அந்த முதல் ரூம்பாவுக்கு வீட்டின் வரைபடம் எல்லாம் தெரியாது, முட்டி மோதித் திரும்பித் திரும்பித்தான் கூட்டும். அந்த 2002-ல்தான் நாம் தோட்டத்து லய வீட்டைக் காலி செய்துவிட்டு இந்தத் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்தோம். நீ முதலாம் ஆண்டு படித்தாய். இன்றைக்கும் மலிவு விலையில் லேசர் இல்லாத மெஷின்கள் கிடைக்கின்றன. ஒரே இடத்தை நாலு தடவை கூட்டிவிட்டு இன்னோர் இடத்தை விட்டுவிடும். அதை வாங்காதே.

கடைக்காரர் பாஸ்கல் கணக்கைச் சொல்லுவார். இது 4,000, அது 10,000 என்பார். இழுக்கும் சக்தியின் அளவு அது. தடித்த கம்பளம் விரித்த வீட்டுக்கு அது முக்கியம். உன் வீடு முழுக்க டைல்ஸ். டைல்ஸ் மேல் கிடக்கும் தூசியையும் முடியையும் அள்ளுவதற்குச் சாதாரண இழுவையே போதும். அந்த எண்ணுக்காக 1,000 வெள்ளி கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

முடியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். உனக்கும் உன் மகள் சின்னவளுக்கும் இடுப்புக்குக் கீழே முடி. சின்னம்மா வீட்டு மெஷினை ஐந்தாம் நாள் கவிழ்த்துப் பார்த்தேன். உருளைப் பிரஷில் முடி கயிறு போலச் சுற்றியிருந்தது, நடுவில் வெள்ளிக்கிழமை தலையில் வைத்த மல்லிகைச் சரத்தின் நூலும் சேர்ந்து இறுகியிருந்தது. பக்கத்துப் பிரஷின் அச்சிலும் அதே கதை. கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க எனக்குக் கால்மணி நேரம் ஆனது. அதை எடுக்காமல் விட்டால் பிரஷ் திணறி, பிறகு மோட்டார் திணறும். வாரம் ஒரு முறை கவிழ்த்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள். காய்ந்த பூவைத் தரையில் போடாமல் இருக்கச் சின்னவளுக்கும் சொல்லிவை.

அப்புறம் இன்னொன்று நடந்தது. சின்னம்மாவின் பேரன் மைலோவைக் கொட்டிவிட்டு யாரிடமும் சொல்லாமல் விளையாடப் போய்விட்டான். மெஷின் அதன் மேல் ஏறி, சக்கரத்திலும் பிரஷிலும் ஒட்டிக்கொண்ட மைலோவைக் கூடம் முழுக்கக் கோடு கோடாக இழுத்துவிட்டது. தரையைத் துடைத்தது போதாதென்று மெஷினையும் பிரித்துக் கழுவித் துடைத்துக் காய வைத்தேன். அப்படியும் இரண்டு நாள் புளித்த வாடை போகவில்லை. உன் வீட்டில் இரண்டு பிள்ளைகள். நீ வேலையில் இருக்கும்போது அது தானாக ஓடுவதாக வைக்காதே. பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு மாப்பிள்ளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓட்டட்டும், அவருக்குத்தான் அந்த நேரத்தில் வீட்டில் வேலை.

ஓட்டுவதற்கு முன் தரையில் கிடப்பதை எடுக்க வேண்டும். காலுறை, போன் சார்ஜர் வயர், பெரியவனின் லெகோ எல்லாம். பாயை விரித்துப் போட்டிருந்தால் அதன் ஓரத்தைக் கடித்துக்கொண்டு நின்றுவிடும். சிலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. மெஷின் வருகிறது என்றால் பிள்ளைகளே சாமான்களை எடுத்து வைக்கப் பழகுவார்கள். சின்னம்மா வீட்டில் அது நடந்ததைப் பார்த்தேன்.

பெரியவனின் மூச்சு இரைப்புக்கு உதவுமா என்று நீ கேட்கவில்லை, ஆனால் அதை நினைத்திருப்பாய். துடைப்பத்தால் கூட்டும்போது தூசி காற்றில் எழும்பும், மெஷின் உள்ளே இழுத்து வடிகட்டியில் பிடித்துக்கொள்ளும். அந்த வகையில் நல்லது. கட்டிலுக்கு அடியில் தினமும் போய் வருவதும் நல்லது. ஆனால் அவனைத் தொந்தரவு செய்கிற தூசிப் பூச்சி மெத்தையிலும் தலையணையிலும் குடியிருப்பது. உறைகளை வாரம் ஒரு முறை சுடுதண்ணீரில் துவைப்பதை மெஷின் வந்தது என்று விட்டுவிடாதே. குப்பைப் பெட்டியைத் தட்டும்போது தூசி பறக்கும். அவனை உள்ளே அனுப்பிவிட்டு, பால்கனியில் பையைக் கட்டி அதற்குள் தட்டு.

துடைக்கிற வேலையையும் செய்யும் என்று விளம்பரத்தில் வருகிறதே, அது ஈரத்துணியை இழுத்துக்கொண்டு போவதுதான் பெரும்பாலான மெஷின்களில். அன்றாடத் தூசிக்குச் சரி. குழம்பு சிந்திக் காய்ந்த கறைக்கு நீதான் குனிய வேண்டும். அந்தத் துணியை ஓட்டி முடித்ததும் கழற்றிக் கசக்கிக் காய வை. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரத்தோடு ஒரு இரவு கிடந்தால் நாறிவிடும்.

விலையைப் பார்த்துத்தான் நீ தயங்குகிறாய் என்று தெரியும். லேசர் உள்ளதே 800, 1,000 வெள்ளிக்குக் கிடைக்கிறது. உனக்கு அது போதும். தானே குப்பையை உறிஞ்சி, துணியையும் அலசிக் காய வைக்கிற பெரிய பெட்டியோடு வருபவை 3,000 வெள்ளியைத் தாண்டியும் போகின்றன. நாட்டில் குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,700 வெள்ளியாக இருக்கும்போது அவ்வளவு கொடுத்து வாங்குவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. அதற்குப் பையும் தனியாக வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும், உன் கூடத்தில் அந்தப் பெட்டியை வைக்க இடமும் இல்லை. கரண்டுக்குப் பயப்படாதே. 14.4 வோல்ட், 5,200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியை முழுக்க ஏற்றினாலும் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான் ஆகும். வடிகட்டியும் பிரஷும் தேயும். அவை நம் நாட்டில் கிடைக்கிற மாடலா என்று கேட்டு வாங்கு, இல்லாவிட்டால் நல்ல மெஷின் ஒரு சின்னப் பிரஷுக்காக மூலையில் கிடக்கும். வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸாக இருந்தால்தான் பல மெஷின்கள் சேரும், மாப்பிள்ளையிடம் சொல்.

கேமரா உள்ளதை வாங்காதே என்று கேட்டுக்கொள்கிறேன். 2020-ல் சோதனைக்காக வீடுகளில் ஓடிய மெஷின்கள் எடுத்த படங்கள் வெளியே கசிந்தது 2022-ல் செய்தியாக வந்தது. கழிவறையில் இருந்த ஒரு பெண்ணின் படமும் அதில் இருந்தது. அவர்கள் சோதனைக்குச் சம்மதித்தவர்கள்தான், கடையில் விற்கும் மெஷின்கள் அவை இல்லை. இருந்தாலும் சின்னவள் குளித்துவிட்டு ஓடி வருகிற வீட்டில் கண் வைத்த மெஷின் எதற்கு? லேசர் போதும்.

ஊருக்கு வரும்போது அதன் சார்ஜர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வா. அங்கேயும் இடி மின்னலுக்குக் குறைவில்லை.

சரி, உன் கூச்சத்துக்கு வருகிறேன். லயத்தில் இருந்தபோது நாலு மணிக்கு எழுந்து வாசல் கூட்டித் தண்ணீர் தெளித்து, உள்ளே கூட்டி, சமைத்து, உன்னை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஐந்தரைக்குப் பெரட்டுக்கு, அதுதான் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற இடத்துக்கு, ஓடுவேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து மறுபடியும் கூட்டுவேன். செம்மண் வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கும். நீ கொஞ்சம் வளர்ந்த பிறகு, இந்த வீட்டுக்கு வந்தும் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவாய். "இரும்மா, கூட்டிட்டு வரேன்" என்பேன். நான் துடைப்பத்தைச் சாத்திவிட்டு வரும்போது நீ பாயில் தூங்கியிருப்பாய், புத்தகம் திறந்தபடி கிடக்கும். எத்தனை நாள் அப்படி! அன்றைக்கு யாராவது இந்த மெஷினைக் கொடுத்திருந்தால் இரண்டு கையாலும் வாங்கியிருப்பேன்.

நீயும் இருட்டில் எழுந்து சிங்கப்பூருக்குப் போகிற ஜொகூர் பாலத்தில் நெரிசலில் நின்று, இருட்டில் திரும்பி வருகிறாய். வந்ததும் துடைப்பத்தை எடுக்கிறாய் என்று பெரியவன் என்னிடம் சொன்னான். அந்த அரைமணி நேரத்தை அவனுக்குக் கொடு. உன் மாமியார் வந்து ஏதாவது கேட்டால், அம்மாதான் வாங்கச் சொன்னார்கள் என்று சொல். அவர்களுக்கும் முதுகு வலி உண்டு. கட்டிலுக்கு அடியில் அது போய் வருவதைக் காட்டு, புரிந்துகொள்வார்கள்.

எனக்கும் ஒன்று வாங்கித் தருகிறேன் என்றாய். எனக்கு வேண்டாம் கண்ணு. நம் அடுப்படி கூடத்தை விட ஒரு படி இறக்கம். பெரும்பாலான மெஷின்கள் இரண்டு சென்டிமீட்டர் நிலைப்படியைத் தாண்டும், அதற்கு மேல் உயரம் என்றால் ஏறாது. பள்ளம் வந்தால் அடியில் இருக்கிற உணரிகள் கண்டுபிடித்துத் திருப்பிவிடும். கூடத்தைக் கூட்டிவிட்டு அதைத் தூக்கி அடுப்படியில் விட வேண்டும், பிறகு தூக்கி மேலே விட வேண்டும். சாமி அறையில் அப்பா ஆசைப்பட்டுப் போட்ட கறுப்பு டைல்ஸை, வெளிச்சம் திரும்பி வராததால் பள்ளம் என்று நினைத்து நின்றுவிடவும் கூடும். வாசல் கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடக்கிறது, அப்பா தோட்டத்து மண்ணோடு உள்ளே வருகிறார். குனிகிறதுதான் எனக்கு இப்போது சிரமம். நின்றபடியே அள்ளுகிற நீளக் கைப்பிடிக் குப்பைமுறம் ஒன்று வாங்கி வா, அது எனக்குப் பெரிய உதவி.

பள்ளி விடுமுறைக்கு நாங்கள் இருவரும் அங்கே வருகிறோம். அப்பா செம்பனை மட்டையில் ஈர்க்கு உரித்துக் காய வைத்திருக்கிறார். உன் பால்கனிக்கு ஒரு விளக்குமாறு கட்டிக் கொண்டு வருவார், மழைத் தண்ணீர் தேங்குகிற இடத்துக்கு மெஷினை விடக் கூடாது. அதற்குள் ஒரு வேலை செய். சோபாவுக்கும் கட்டிலுக்கும் அடியில் எத்தனை சென்டிமீட்டர் இடைவெளி என்று அளந்து எனக்கு வாட்ஸ்அப்பில் போடு. லேசர் குமிழோடு சேர்த்து மெஷின் பத்து சென்டிமீட்டர் வரை உயரம் இருக்கும். உன் சோபா அதைவிடத் தாழ்வாக இருந்தால், அப்பா நாலு மரக்கட்டை செதுக்கிக் கொண்டு வருகிறேன் என்கிறார்.

அன்புடன்,
அம்மா