மாட்டுக்கு மெத்தை போடச் சொன்னவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வார வேளாண் பக்கத்தில், அறுவடைக்குப் பின் வயலில் மிஞ்சுகிற வைக்கோலை மெஷினில் கட்டு கட்டி மாட்டுக்கு அடியில் தாராளமாகப் பரப்புங்கள், செலவே இல்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வழக்கம்போல ஒரு வெளிநாட்டுக் கருப்பு வெள்ளை மாட்டின் படம் வேறு. அந்த மாட்டுக்குக் கோதுமைத் தாளோ மக்காச்சோளத் தட்டையோ படுக்கை. தீவனம் தனியாக வருகிறது. எங்கள் மாட்டுக்கு நெல் வைக்கோல்தான் சாப்பாடே. சோற்றைப் பாயாக விரித்துப் படுக்கச் சொல்கிறார்.

நான் மாதவரத்தில் இருந்தாலும் பொன்னேரிப் பக்கம் குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலமும் 5 கறவை மாடும் உண்டு. வரவு செலவு என் கையில்தான். ஒரு மாடு நாளைக்கு ஐந்தாறு கிலோ வைக்கோல் தின்னும். தின்னாமல் காலால் தள்ளிவிடும் கூளம்தான் படுக்கை. மழைக்காலத்தில் அது போதாவிட்டால் கடலைத் தோல், கரும்புச் சோகை. கடலைக்கொடியை யாரும் கீழே போட மாட்டார்கள், அது வைக்கோலைவிட உசத்தியான தீவனம். காலையில் மூத்திரம் ஊறிய கூளத்தை வாரி எருக்குழியில் சேர்ப்போம். பயிருக்கு உரமாகும் சத்துகளில், மாடு கழிக்கும் தழைச்சத்தில் (நைட்ரஜன்) ஏறக்குறைய பாதியும், சாம்பல்சத்தில் (பொட்டாஷ்) பெரும்பகுதியும் மூத்திரத்தில்தான் இருக்கிறது. சிமெண்ட் தரையைக் கழுவிவிட்டால் அத்தனையும் சாக்கடைக்கு. என் மாமியார் எந்த வேளாண் பக்கமும் படிக்காமலே இதைச் செய்தார்.

செலவே இல்லை என்றவர் ஒரு கட்டாவது காசு கொடுத்து வாங்கியிருக்கிறாரா? நெல் அறுக்கும் வண்டிக்கு வாடகை, கட்டு கட்டும் மெஷினுக்குத் தனிக் கூலி. கேரளாவுக்கு லாரி லாரியாக வைக்கோல் போவது தங்களுக்குத் தெரியாததல்ல; சும்மா கிடைக்கிற பொருளையா ஏற்றிக்கொண்டு போகிறார்கள்? வியாபாரி கட்டுக் கணக்கில்தான் விற்பார், எடை சொல்ல மாட்டார். போன நவரை நெல் பருவத்தில் வாங்கியதைத் தராசில் வைத்தால் ஒரு கட்டு 20 கிலோ, இன்னொன்று 12. விலை மட்டும் ஒன்றே. பனி ஈரம் காயாமல் கட்டியதைப் பிரித்தால் உள்ளே சூடு, வெள்ளைப் பூஞ்சை. அதைப் பரப்பி மாட்டைப் படுக்க வைத்தால் மடிநோய்க்கு நாமே வாசலைத் திறந்துவிட்ட மாதிரிதான். கட்டுரையில் இதற்கு இடமில்லை போலும்.

கயிற்றைப் பற்றியும் ஒரு வரி இல்லை. பல கட்டுகளில் இப்போது பிளாஸ்டிக் கயிறுதான் வருகிறது. வெட்டிப் போட்டதை எடுக்க மறந்தால் கூளத்தோடு மாட்டின் வயிற்றுக்குள் போய்விடும். 2019இல் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக் எடுத்தது தங்களுக்கு நினைவிருக்கும். அன்றும் திட்டு வாங்கியது மாடு வளர்ப்பவர்தான், மீந்த சோற்றைப் பையில் கட்டித் தெருவில் எறிந்தவர் இல்லை.

எப்போதும் இதே கதைதான். சாலையில் மாடு நின்றால் முதல் பக்கம். கொட்டகை நாற்றம் என்று பக்கத்து அடுக்குமாடிக்காரர் சொன்னால் மூன்றாம் பக்கம். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் அடித்த படம், அதன் கீழே உழவரைப் புகழ்ந்து நாலு வரி. அப்புறம் அடுத்த தை வரை எங்களைத் தேட மாட்டீர்கள். பால் கொள்முதல் விலை பற்றி நான் எழுதிய கடிதம் மூன்று வரியாகச் சுருங்கி வந்தது. சரி, தங்களுக்கு இட நெருக்கடி. கட்டுரையாளருக்கு அரைப்பக்கம் கிடைத்ததில் எனக்குப் பொறாமை இல்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். தங்கம், கோயம்பேடு காய்கறி, நாமக்கல் முட்டை விலையெல்லாம் போடுகிறீர்கள். வாரம் ஒருமுறை வைக்கோல் விலையையும் அதே கட்டத்தில் போடுங்கள். கட்டு இவ்வளவு என்று வேண்டாம், கிலோ இவ்வளவு என்று. தாராளமாகப் பரப்ப என்ன ஆகும் என்று கட்டுரையாளரும் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மாதவரம், சென்னை.