முட்டையும் இரவுக் குளிசையும்

ஒட்டுசுட்டான்,
மாசி, செவ்வாய்க்கிழமை.

அன்பின் தோழிக்கு,

உன் கடிதம் அருவி வெட்டு நடந்துகொண்டிருந்தபோது வந்தது. இன்றைக்குத்தான் கை ஓய்ந்தது. முத்தையன்கட்டுக் குளம் இந்தக் காலபோகத்தில் எங்களைக் கைவிடவில்லை. களத்தில் சிந்திய நெல்லைப் பொறுக்கித் தின்றுவிட்டுக் கோழிகள் விடாமல் முட்டையிடுகின்றன.

கொலஸ்ட்ரோல் கூடிவிட்டது என்று கிளினிக்கில் சொன்னதிலிருந்து முட்டையை அடியோடு நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறாய். "இனிப் பயமில்லை" என்றும் எழுதியிருக்கிறாய். அந்த வரியில்தான் எனக்கு நெஞ்சு திக்கென்றது. நானும் இவருக்கு அதைத்தான் செய்தேன்.

ஏழு வருஷத்துக்கு முன் இவருக்கும் கொலஸ்ட்ரோல் என்றார்கள், குளிசை தந்தார்கள். நான் முட்டையைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக் கோழி இட்டதெல்லாம் கடைக்குப் போனது. பேரன் முட்டைப்பொரியல் சாப்பிடும்போது இவர் எழுந்து வெளியே போய்விடுவார். ஆனால் காலையில் இடியப்பத்துக்குக் கட்டித் தேங்காய்ப்பாலில் சொதி, பின்னேரம் தேத்தண்ணியோடு பேக்கரி றோல்ஸ், வயலில் பீடி. ஒன்றையும் நான் தடுக்கவில்லை. குளிசையை இரண்டாம் வருஷமே விட்டுவிட்டார். "ரிப்போட் நல்லா வந்திட்டுது, இனி என்னத்துக்கு?" என்றார். நானும் தலையாட்டினேன். குளிசையால்தான் அது குறைந்தது, விட்டால் மறுபடி ஏறும் என்று எங்களுக்கு யாரும் விளக்கவில்லை.

போன ஐப்பசி, விதைப்பு நேரம். வரம்பில் நின்றவருக்கு உடம்பெல்லாம் வியர்த்தது, இடது தோளும் தாடையும் நோகுது என்றார். வாய்வு என்று நினைத்து இஞ்சித் தண்ணி கொடுத்தேன். அரை மணித்தியாலம் அப்படிப் போய்விட்டது. அப்புறம்தான் மகள் 1990 என்ற அம்புலன்ஸ் நம்பருக்கு அடித்தாள். மாரடைப்பு என்றார்கள். அந்த அரை மணித்தியாலத்தை நினைத்தால் இன்னும் நித்திரை வருவதில்லை. உனக்கோ அக்காவுக்கோ அப்படி வந்தால் இஞ்சி தேடாதே. உடனே அம்புலன்சுக்கு அடி.

வார்ட்டில் ஒரு இளம் டொக்டர் பிள்ளை கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து பொறுமையாகச் சொல்லித் தந்தது. ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் ஏறக்குறைய 185 மில்லிகிராம் கொலஸ்ட்ரோல் இருக்கிறதாம், வெள்ளையில் இல்லை. ஆனால் இரத்தத்தில் ஓடுவதில் பெரும் பங்கை ஈரல் தானே செய்கிறது. சாப்பாட்டில் கொஞ்சம் கூட வந்தால், பெரும்பாலானவர்களுக்கு ஈரல் தன் பங்கைக் குறைத்துச் சரிக்கட்டிவிடும். கெட்ட கொலஸ்ட்ரோல் என்கிறார்களே, அந்த எல்டிஎல், அதை இரத்தத்திலிருந்து திரும்ப அள்ளி எடுப்பதும் ஈரல்தான். தேங்காய் எண்ணெய், வெண்ணெய் போலக் குளிரில் உறையும் நிரம்பிய கொழுப்பு கூடினால் அந்த அள்ளும் வேலை மந்தமாகிவிடும். அந்தக் கொழுப்பு ஒரு முட்டையில் ஒன்றரைக் கிராம். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் பதினொரு கிராமுக்கு மேல்! என் சொதிச் சட்டியை நினைத்துக்கொண்டு அந்தக் கட்டிலடியில் அழுதேன்.

முட்டைப் பயம் எங்கிருந்து வந்தது என்று மகள் தேடி வாசித்தாள். 1968இல் அமெரிக்க இருதயச் சங்கம் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்குள் கொலஸ்ட்ரோல், வாரத்துக்கு மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் வேண்டாம் என்று சொன்னதாம். அந்த 300 என்ற கணக்கை அந்த நாட்டு உணவு வழிகாட்டி 2015இல் எடுத்துவிட்டது. நாங்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது இவருக்கு வாரத்தில் மூன்று நான்கு அவித்த முட்டை கொடுக்கிறேன். சொதிக்கு இரண்டாம் தரம் பிழிந்த கப்பிப்பால் மட்டும், அதுவும் அளவாக. பருப்பும் கீரையும் கூட்டியிருக்கிறேன். பீடி நின்றுவிட்டது, அதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். மாரடைப்பு வந்தவருக்கு எல்டிஎல் 70க்குக் கீழே இருக்க வேண்டுமாம். குளிசையை இரவில் என் கையாலேயே கொடுக்கிறேன். முதலில் முகம் சுளித்தார். ஸ்டாட்டின் என்கிற இந்த வகைக் குளிசையின் தொடக்கம் ஜப்பானில், கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் பிடித்த பூஞ்சணத்தில் என்று மகள் சொன்னாள். அகிரா எண்டோ என்பவர் 1970களில் ஆயிரக்கணக்கான நுண்ணுயிர்களைச் சோதித்துக் கண்டுபிடித்தாராம். "அரிசியிலிருந்தோ?" என்று கேட்டு வாங்கி விழுங்கினார். நெல்லோடு கிடந்த மனிசன்.

உன் அக்காவுக்குச் சீனி வருத்தம் இருப்பதால் அவவின் கதை வேறு. முட்டையும் இருதயமும் பற்றிய ஆய்வுகள் சீனி உள்ளவர்களுக்கு ஒரே முகமாக இல்லை. அவ டொக்டரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும். நீ உன் ரிப்போட்டில் எல்டிஎல் எவ்வளவு, எந்தக் குளிசை, ஒழுங்காகப் போடுகிறாயா என்று எழுது. "முட்டை நிப்பாட்டிட்டன்" என்று மட்டும் எழுதினால் நான் நம்பமாட்டேன்.

சனிக்கிழமை மகள் நெடுங்கேணிப் பாதையால் வவுனியாவுக்கு வருகிறாள். உமிக்குள் வைத்து எட்டு முட்டை அனுப்புகிறேன். மீளக்குடியேறி வந்த வருஷம் எங்களுக்குக் கிடைத்த நாலு கோழிகளின் வழிவந்த பேடுகள் இட்டது. சின்னதாக இருக்கும், மஞ்சள் நல்ல நிறம். உமியைக் கொட்டிவிடாதே, பெட்டியோடு திருப்பி அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழி