பெயர் கேட்க மறந்த அந்தப் பெரியவருக்கு நன்றி

மரத்தில் கட்டிய பரணிலிருந்து வெள்ளைவால் மான் ஒன்றை எய்தேன். 20 கஜத்துக்கும் குறைவான தூரம். தவற வாய்ப்பே இல்லை என்று நினைத்தேன். நாண் விட்ட நொடியில் மான் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டது. படபடப்பில் உடனே இறங்கித் துரத்தப் போனேன் (கை நடுக்கத்தில், பரணிலிருந்து விழாமலிருக்க உடலில் கட்டியிருந்த பாதுகாப்புப் பட்டையைக் கழற்றவே ஐந்து நிமிடம் ஆனது, அது தனிக் கதை).

அவ்வழியே வந்த நீங்கள்தான் நிறுத்தினீர்கள். தரையில் கிடந்த அம்பை மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினீர்கள். இறகில் பச்சைக் கசடு, புளித்த நாற்றம். “குடலில் பட்டிருக்கிறது தம்பி. இப்போது விரட்டினால் கண்காணாத தூரம் ஓடிவிடும். விட்டுவிட்டால் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும்.”

8 மணி நேரம் காத்திருக்கச் சொன்னதோடு நில்லாமல், மாலையில் சொன்னபடி திரும்பியும் வந்தீர்கள். கடைசி இரத்தத் துளி கிடந்த செடியில் அடையாளத்துக்குக் காகிதத் துண்டைச் செருகிவிட்டு முழங்காலில் தவழ்ந்தீர்கள். ஒரு புல்லின் அடிப்பக்கம் கடுகளவு சிவப்பு. அதை நான் மூன்று முறை தாண்டிப் போயிருந்தேன்! ஓடைக்கரையில், படுத்த இடத்திலேயே மான் கிடந்தது.

இறைச்சியில் பங்கு தந்தபோது கையசைத்து மறுத்துவிட்டீர்கள். உங்கள் கத்தி என் பையிலேயே தங்கிவிட்டது. தீட்டி வைத்திருக்கிறேன்.